பந்தயம்னே எழுது

தென்காசியில், முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைக்கு அப்பாவின் மாத்திரைகளை வாங்கப் போனபோது அவரைப் பார்த்தேன். அறுபதை நெருங்கும் வயது, ஒட்ட வெட்டிய நரைமுடி, கட்டுப்போட்ட கால். சக்கர நாற்காலியின் பிடியை, ஆக்ஸிலரேட்டரைத் திருகுவதுபோல் சும்மா திருகிக்கொண்டே இருந்தார்.

மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் விழுந்து முழங்கால் மூட்டு நொறுங்கியிருந்தது. ஆபரேஷன் செய்தால்தான் நடக்க முடியுமாம்.

பதிவு செய்யும் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பந்தயம்னா ராணுவத்துல ஆபரேஷன் செலவத் தரமாட்டாவ, அண்ணாச்சி. குத்தாலத்துல வழுக்கி விழுந்ததா எழுதிருதேன். சீசன்ல எல்லாருந்தான் விழுதாவ."

திருகிக்கொண்டிருந்த கை நின்றது.

"பின்னால வந்தவன் ஜெயிச்சிருப்பாம்மா. வண்டியப் போட்டுட்டு என்னத் தூக்க ஓடியாந்தான். அருவியில விழுந்தேன்னு சொன்னா, அவன் வந்ததே இல்லன்னு ஆயிராதா? பந்தயம்னே எழுது."

"உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"இல்லம்மா. அவன் ஹெல்மெட்டக் கழத்தவே இல்ல. மொகத்தக்கூட நான் பாக்கல."

அவள் பந்தயம் என்றே எழுதினாள். அவர் கை மறுபடியும் திருகத் தொடங்கியது.

இப்போது அவர் நடக்கிறாரா என்று எனக்குத் தெரியாது.