மச்சானை வெட்டாத வாள்

கல்முனைப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். மாவடிப்பள்ளி ஹாதிக்கும் அப்படித்தான் மருதமுனைக்குப் போனான். ஏழு வருடமாகியும் அந்த வீட்டில் அவன் விருந்தாளிதான். மாமி சபூறா வந்தால் எழுந்து நிற்பான். அவன் வந்தால் மாமி உள்ளே போய்விடுவா. மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை, மனுசனுக்கு மூச்சு முட்டும்.

மனைவி பஸ்மிலாவைத் தவிர அங்கே அவன் மனம் விட்டுப் பழகியது அவளுடைய நானா, கூடப்பிறந்த அண்ணன் ஜெமீலோடு மட்டும்தான். ஜெமீல் கைத்தறிப் பட்டறை நடத்துகிறவன். போனில் எதையோ பார்க்கப் போய், ஐரோப்பாக்காரர் அந்தக் காலத்தில் இரண்டு கையாலும் பிடித்துச் சண்டை செய்த நீண்ட வாளில் அவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. கட்டாரிலிருந்த கூட்டாளி மூலம் இரண்டு நைலோன் வாளும், கம்பி வலை வைத்த இரண்டு முகமூடியும் எடுப்பித்தான். சண்டைக்கு ஆள் வேண்டுமே, மச்சானைப் பிடித்துக்கொண்டான்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வீட்டின் பின்வளவில் இறங்குவார்கள். வாளைப் பிடித்து நிற்கும் நிலைகளில் ஒன்றுக்கு எருது என்று பெயர், இன்னொன்றுக்குக் கலப்பை. வயல்காரன் மகனான ஹாதிக்குக்கு அதுவே பிடித்துப் போயிற்று. ஆனால் மேலிருந்து வெட்டுகிறபோது எதிராளியின் தலையைக் குறிவைக்க வேண்டும் என்பது பாடம். ஹாதிக்கோ ஒவ்வொரு தரமும் ஜெமீலின் வாளைத்தான் குறிவைத்தான். பெண் எடுத்த வீட்டில், அவர்களுடைய ஒரே ஆண்பிள்ளையின் தலையில் எப்படிப் போடுவது? கலியாண ஊர்வலத்தில் கம்போடு கம்பு தட்டி ஆடும் பொல்லடி மாதிரி வாளோடு வாள் அழகாக மோதிக்கொண்டிருந்தது. நல்லாய்ப் பழகிவிட்டோம் என்று இருவரும் நம்பினார்கள், பாவம்.

கொழும்பில் இதே வித்தை பழகுகிறவர்கள் சிலர் ஜெமீலைப் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். மார்பை நிமிர்த்திக்கொண்டு போனான். அங்கே அவன் வாளை நீட்டி எதிர் வாளுக்காகக் காத்து நின்றான். வந்த வெட்டெல்லாம் தலையிலும் மணிக்கட்டிலும் விலாவிலும் விழுந்தது. யூனிவர்சிட்டி கம்பஸில் படிக்கிற ஒரு பெண்பிள்ளை கூட அவனைத் துவைத்து அனுப்பினாள்.

திரும்பி வந்தவன் வாளைத் தொடவில்லை. ஹாதிக் பட்டறைக்கே போய் ஏன் என்று கேட்டான்.

“அங்க ஒருத்தரும் என்ட வாள வெட்டல்ல மச்சான், என்னத்தான் வெட்டினாங்க,” என்றான் ஜெமீல். “நீங்க ஒரு நாளாவது என்ன வெட்ட வந்திரிக்கீங்களா?”

“மாமி குசினி ஜன்னலால பாத்துக்கொண்டிரிக்கக்குள்ள எப்பிடி மச்சான்?”

“அப்ப நிப்பாட்டுவம். கொஞ்சுறதுக்கு வாள் எதுக்கு?”

அந்தப் பின்வளவும் போய்விட்டால் அந்த வீட்டில் ஹாதிக்குக்கென்று ஓர் இடம் இல்லை. வேறு ஆளைத் தேடவும் இந்தக் கிழக்குக் கரையில் யார் இருக்கிறார்கள்? மறுநாள் முகமூடிகளைத் தானே எடுத்து வந்து, “ஒரே ஒரு தரம் வாங்க,” என்று கெஞ்சினான். ஜெமீல் வேண்டாவெறுப்பாக வந்து நின்றான்.

ஹாதிக் வாளைத் தோளுக்கு மேலே தூக்கி, ஒரு எட்டு முன்னே வைத்து, கண்ணை மூடிக்கொள்ளாமல் வெட்டினான். முகமூடி ணங்கென்றது. ஜெமீல் நிலை தடுமாறி மண்ணில் குந்திவிட்டான்.

குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த சபூறா ஓடி வந்தா. “யா அல்லாஹ்! என்ட புள்ளட தல!”

உடுப்பை மூட்டை கட்டிக்கொண்டு மாவடிப்பள்ளிக்கே போய்விடலாமா என்று கூட ஹாதிக் நினைத்தான்.

“நீங்க உள்ளுக்குப் போங்க உம்மா, ஒண்டுமில்ல,” என்று எழும்பிய ஜெமீல், முகமூடியைச் சரிசெய்துகொண்டு வாளைத் தூக்கினான். ஹாதிக்கும் தூக்கினான். தூக்கி முடிப்பதற்குள் அவன் தலையில் இறங்கிய வெட்டில் இரண்டு காதும் அடைத்துப் போயின. இத்தனை நாள் பழகியதில் ஜெமீல் அப்படி ஒன்று போட்டதே இல்லை.

“தங்கச்சிட மாப்புள எண்டு நானும் எவ்வளவு காலம்தான்டா பாத்துப் பாத்து வெட்டுற!” என்றான் ஜெமீல்.