டேப்பின் மறுமுனை

இதை நம்பச் சொல்லி யாரையும் நான் கேட்கவில்லை. நடந்தது. தேதியும் நேரமும் என் அளவுப் புத்தகத்தில் இருக்கின்றன. வேண்டுமானால் வந்து பார்க்கலாம்.

2006 ஏப்ரல் 18, செவ்வாய்க்கிழமை. காலை 5.40க்கு எழுந்தேன். மோட்டார் போட்டேன். தொட்டி நிரம்பும்வரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். பல் தேய்த்தேன், குளித்தேன். இஸ்திரிக்குக் கொடுத்த சட்டை வரவில்லை. முதல் நாள் போட்டதையே போட்டுக்கொண்டேன். பாண்டிச்சேரி கதிர்காமத்தில் தெருமுனைக் கடையில் நான்கு இட்லி. 8.50க்கு வண்டியை எடுத்தேன். 9.10க்கு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டேன். ஏழு மாதமாக எல்லாக் காலையும் இப்படித்தான். நல்ல காலை, கெட்ட காலை என்று எதுவும் கிடையாது.

என் பெயர் ஹரிகிருஷ்ணன். படித்தது சிவில் இன்ஜினியரிங். வேலை, பழைய வீடுகளை அளந்து வரைவது. அந்த வருடங்களில் பாண்டியில் பழைய வீட்டுக்குத் திடீரென்று மவுசு வந்திருந்தது. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே இருந்த வெள்ளைக்காரர் வீடுகள் ஒவ்வொன்றாக ஹோட்டலாகிவிட்டன. அடுத்து வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் தெருக்களுக்கு வந்தார்கள். கீழே முற்றமும் மரத்தூண்களும், மாடியில் பிரெஞ்சுக்காரன் பாணியில் வளைவு ஜன்னல்கள். டூரிஸ்ட்டுகளுக்கு அந்தக் கலவை பிடித்திருந்தது. வீட்டை இடிக்காமல் பழுதுபார்த்து, எட்டு அறை போட்டு, வாசலில் பித்தளைப் பலகை மாட்டுவார்கள். அதற்கு முதலில் வரைபடம் வேண்டும். அதற்குத்தான் நான்.

அளக்க இரண்டு பேர் தேவை. ஒருவர் டேப்பின் ஜீரோ முனையைச் சுவரில் அழுத்திப் பிடிப்பார். மற்றவர் டேப்பை நீட்டிக்கொண்டு போய் அளவைப் படிப்பார். படித்ததை ஜீரோ முனையில் இருப்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பு வராமல் இருக்க எங்கள் அலுவலகத்தில் அப்படி ஒரு வழக்கம். குரல் திரும்பி வந்தால் எழுதிக்கொள்வோம். நிமிர்ந்து ஆளைப் பார்க்க மாட்டோம்.

மூன்று வருடம் என் ஜீரோ முனையில் இருந்தவள் வல்லி. அமுதவல்லி. பிள்ளைச்சாவடிக்காரி. முதலில் கூட வேலை செய்தவள், பிறகு என் மனைவி. நின்ற இடத்திலிருந்தே ஓர் அறையின் நீளத்தைக் கண்ணால் சொல்லிவிடுவாள். டேப் கொஞ்சம் தொய்ந்தால் போதும்.

“இன்னா, தூளி கட்டுறியா? இழுத்துப் புடி.”

தப்பாகப் படித்தால் இன்னும் மோசம்.

“கண்ணுல இன்னா வெச்சிருக்கற? நாலுக்கு மேல போவும். மறுபடி பாரு.”

2005 செப்டம்பரில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த வாரம் ஒரு வரைபடம் முடிக்க வேண்டியிருந்தது. நான்காம் நாள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஜீரோ முனைக்குச் சின்னக்கண்ணு வந்தார். ஐம்பது வயதுக் கொத்தனார். பீடி, இருமல், ஓயாத பேச்சு.

அன்று அளக்கப் போனது பதினான்கு வருடம் பூட்டிக் கிடந்த வீடு. சொந்தக்காரர்கள் பிரான்சில். வாங்குபவர்கள் மறுநாள் மாலை வரைபடம் கேட்டிருந்தார்கள். ஒரு மணிக்குக் கீழ்த்தளம் முடிந்தது.

“சார், மணி ஒண்ணு” என்றார் சின்னக்கண்ணு.

“மாடி பாக்கி இருக்குது.”

“இருக்கட்டுமே. எங்க ஓடிடப் போவுது? கவர்னரே கூப்ட்டாலும் நாலு மணிக்கு மேலதான் சார் இந்தக் கட்டை எழுந்திரிக்கும்.”

“ரெண்டு மணிக்கு வந்துடுங்க.”

“பாக்கலாம், பாக்கலாம்.” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

பாண்டியில் ஒரு மணிக்குக் கடைகள் மூடும். நாலு மணிக்குத் திறக்கும். வெள்ளைக்காரன் போய் ஐம்பது வருடமாகியும் அவன் பழக்கிவிட்ட மத்தியானத் தூக்கம் போகவில்லை. 1.15க்குத் தெருவில் ஒரு சைக்கிள்கூட இல்லை. எதிர்வீட்டு கமலவேணி ஜன்னலைச் சாத்த வந்தவர், வாசலில் நின்றிருந்த என்னைப் பார்த்தார்.

“தம்பி, இந்நேரத்துல அதுக்குள்ள இருக்காத. இங்க வந்து படு.”

“வேலை இருக்குதுக்கா.”

“வேலையாம் வேலை. சொன்னா கேக்க மாட்டீங்க.” ஜன்னல் சாத்தப்பட்டது.

மாடியேறினேன். அந்தக் காலத்து மாடித் தரை என்பது தேக்கு உத்திரங்களின் மேல் செங்கலும் சுண்ணாம்பும். உத்திரம் செல்லரித்திருந்தால் மேலே தெரியாது. அதனால் கால் வைக்கும் முன் கம்பியால் தட்டிப் பார்க்க வேண்டும். வல்லி தட்டாமல் ஓர் அடி எடுத்து வைக்க விடமாட்டாள். அன்று நான் தட்டவில்லை. கம்பி கீழேயே கிடந்தது. போய் எடுத்து வரத் தோன்றவில்லை.

மாடியில் மூன்று அறைகள், முதல் இரண்டும் தெருப்பக்கம். ஜன்னல் பலகைகளின் இடுக்கு வழியாக வெயில் கோடு கோடாகத் தரையில் விழுந்திருந்தது. முதல் அறையில் ஜீரோ முனையை ஓர் ஆணியில் மாட்டிவிட்டு, டேப்பை இழுத்துக்கொண்டு எதிர்ச் சுவருக்குப் போனேன்.

2.04. படியில் காலடிச் சத்தம். ஒன்று... இரண்டு... நின்றது. சின்னக்கண்ணு வந்துவிட்டார் என்று நினைத்தேன். டேப் இறுகியது. யாரோ முனையை ஆணியிலிருந்து எடுத்துச் சுவரில் அழுத்திப் பிடித்தது கையில் தெரிந்தது.

“நாலு பதினஞ்சு” என்றேன்.

“நாலு பதினஞ்சு.”

4.15 மீட்டர் என்று எழுதிக்கொண்டேன்.

இந்த வீடுகளில் எந்த அறையும் சரியான சதுரம் கிடையாது. அதனால் மூலைக்கு மூலை குறுக்காகவும் அளப்போம். அதை ஒற்றை ஆளாகச் செய்யவே முடியாது. நான் மூலை மாறினேன். மறுமுனையும் மாறியது. படித்தேன். திரும்பி வந்தது. முதல் அறை முடிந்தது. இரண்டாவது அறை. வேலை வேகமாக நடந்தது.

2.25 இருக்கும். சின்னக்கண்ணு இன்னும் இருமவில்லையே என்று தோன்றியது.

பீடி வாடையும் இல்லை.

மூலை மாறும்போது காலடிச் சத்தமும் இல்லை... டேப் மட்டும் தரையில் உரசிக்கொண்டு போனது. ஸ்ஸ்ஸ்...

திருப்பிச் சொல்லும் குரல் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்துகொண்டே வந்திருந்தது. கடைசி அளவில் ஒரு இழுப்பு இருந்தது. “அஞ்சூ... முப்பது.” அப்படி இழுப்பவள் ஒருத்திதான்.

நிமிரவில்லை. பக்கத்தில் இருந்த ஜன்னல் பலகையை ஒரு விரலால் விலக்கித் தெருவைப் பார்த்தேன்.

2.31. எதிர்வீட்டு வாசல் நிழலில், முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு, சின்னக்கண்ணு தூங்கிக்கொண்டிருந்தார்.

என் கையில் டேப் இறுகியது.

மூன்றாவது அறை பின்கட்டில். அதன் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை, கீழே கிணற்றடி. டேப் அங்கே போகச் சொல்வதுபோல் இருந்தது. போனேன். ஓடியிருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. அவளா, இல்லையா. அவள்தான் என்றால் நான் கீழே இறங்குவதாக இல்லை.

மறுமுனை வாசற்படிக்கு அப்பால், இருட்டில் இருந்தது. வெள்ளைப் புடவை, பூ வாசனை என்றெல்லாம் கதை விட மாட்டேன். எதுவும் தெரியவில்லை. டேப் மட்டும்.

“வல்லி?”

“ம்.”

“எம்மேல கோவமா?”

“இல்ல.”

“லேட்டா கூட்டினு போனேன்...”

“பரவால்ல.”

ஏழு மாதமாக அதைச் சொல்ல ஒரு ஆள் இல்லை. உட்கார வேண்டும்போல் இருந்தது.

“கொஞ்சம் பின்னால போ” என்றது.

அளக்கும்போது அவள் சொல்வதுதான். பின்னால் ஓர் அடி வைத்தேன்.

“இன்னும் கொஞ்சம்.”

இன்னோர் அடி. குதிகாலுக்குக் கீழே தரை... ‘தொம்’ என்றது. பானையைத் தட்டினாற்போல.

“இன்னும் கொஞ்சம்.”

டேப்பைப் பார்த்தேன். ஆறு இருபது.

“மூணு நாப்பது” என்றேன். வேண்டுமென்றே.

காத்திருந்தேன். திட்டுக்காக...

“மூணு நாப்பது.”

டேப்பைத் தளரவிட்டேன். தொய்ந்து, தரையில் படுத்தது. தூளி கட்டுறியா என்று கேட்க வேண்டும்.

கேள்.

கேளேன்.

“பரவால்ல” என்றது.

அவள் இல்லை.

தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அதையும் எழுதிவிடுகிறேன். பின்னால் இன்னும் ஓர் அடி இடம் இருந்தது. இரண்டு பேருமே காத்திருந்தோம்.

பிறகு டேப்பை விட்டுவிட்டேன்.

டேப்பின் உறை தரையில் விழுந்தது. டக்.

நகர ஆரம்பித்தது.

கர்ர்... கர்ர்...

என் காலருகே இருந்து... வாசற்படியைத் தாண்டி... இருட்டுக்குள்.

நான் ஓடவில்லை. சுவரோரமாக நடந்தேன். வாசற்படியைத் தாண்டினேன். பக்கத்தில் பார்க்கவில்லை. இறங்கினேன். பதினெட்டுப் படி.

2.52க்குத் தெருவுக்கு வந்தேன். எதிர்வீட்டு ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தது. கமலவேணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒனக்கு யாரு?” என்றார்.

“என்னக்கா?”

“யாரு கொரல்ல வந்துச்சு?”

நான் திரும்பி மாடியைப் பார்த்தேன்.

“எனக்கு எங்க வூட்டுக்காரரு” என்றார். ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் காலை சின்னக்கண்ணுவும் நானும் கம்பியோடு போனோம். டேப் முதல் அறையில் இருந்தது. ஒழுங்காகச் சுருட்டி, அந்த ஆணிக்கு நேர் கீழே. மூன்றாவது அறையின் பின்சுவர் ஓரத்தில் சின்னக்கண்ணு கம்பியால் ஒரு தட்டுத் தட்டினார். கட்டில் அளவுக்குத் தரை அப்படியே கீழே போனது. உத்திரத்தில் மரமே இல்லை. செல் தின்ற மண்தான் இருந்தது.

“யாரு சார் இங்க நின்னது?” என்றார். தூசியில் என் செருப்புத் தடம் ஓட்டையின் விளிம்பு வரை வந்திருந்தது.

அலுவலகத்தில் அளவுகளை வரைந்தேன். பழைய வீடுகளில் ஒரு விரற்கடையாவது இடிக்கும். முதல் இரண்டு அறைகளும் ஒரு நூல் பிசகாமல் பொருந்தின. குறுக்கு அளவுகள் நான்கு. புத்தகத்தில் என் கையெழுத்தில் இருக்கின்றன. எனக்குத் தெரிந்து அவ்வளவு சுத்தமாக ஒரு வீட்டை யாரும் அளந்ததில்லை.

2008இல் அது ஹோட்டலாயிற்று. அந்தப் பின்னறைக்கு கான்கிரீட் தளம் போட்டார்கள். நான் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை.

போன மாதம், 2009 ஜூனில், அங்கே மேனேஜராக இருக்கும் புருஷோத்தமன் போன் செய்தார். மாடிப் பின்னறையின் பின்சுவரை அளக்க வேண்டும், ஒரு கதவு திறக்கப் போகிறோம் என்றார்.

“அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லியே. கிணத்தடிதானே?”

“ஆமாம் சார். கெஸ்ட்டு கேக்குறாரு. பிரான்ஸ்லேர்ந்து வந்திருக்கற பெரியவரு. மூணு நாளுக்குத்தான் ரூம் எடுத்தாரு, நாப்பத்தோரு நாளாவுது. மத்தியானம் கதவத் தட்டக் கூடாதுன்னுட்டாரு. தங்கமான மனுஷன் சார், ஒரு கம்ப்ளெயின்ட் கெடையாது.”

“கதவு எதுக்காம்?”

“அவரு சம்சாரம் கேட்டாங்களாம்.”

“சம்சாரமும் கூட வந்திருக்காங்களா?”

புருஷோத்தமன் குரலைத் தாழ்த்தினார்.

“அவங்க எறந்து ஆறு வருஷமாச்சு சார். வயசானவரு, பாவம், ஏதோ சொல்றாரு. கெஸ்ட்டு புக்குல கூட எழுதியிருக்காரு. பிரெஞ்சு தெரிஞ்ச பொண்ணு படிச்சுச் சொல்லிச்சு. ‘இங்கே மத்தியானங்களில் என் மனைவி என்னோடு பேசுகிறாள். நான் எது சொன்னாலும் சரி என்கிறாள்.’”

மணியைப் பார்த்தேன். 2.20.

“கதவு வைக்காதீங்க” என்றேன்.

“ஓனர் சரின்னுட்டாரு சார். நீங்க வரலன்னா வேற ஆள வெச்சு...”

“இப்ப மேல போங்க. கதவத் தட்டுங்க. தொறக்கற வரைக்கும் தட்டுங்க. அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. அவங்க சம்சாரம் சாவறதுக்கு முன்னால, கடைசியா நெஜமா இன்னா சொன்னாங்கன்னு கேளுங்க.”

“எதுக்கு சார்?”

“அப்பத்தான் பேசறது அவங்க இல்லன்னு அவருக்குத் தெரியும். கேளுங்க.”

அவர் போனை வைக்கவில்லை. மேசை மேல் வைத்துவிட்டுப் போனார் போலிருக்கிறது. படியேறும் சத்தம் கேட்டது. தட்டும் சத்தம் கேட்டது. நான் காதிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அதே கேள்வியை என்னைக் கேட்டால் எனக்குப் பதில் தெரியும். 2005 செப்டம்பர் 3, இரவு 8.20. ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். கண்ணாடிக் கதவு வரைதான் என்னை விட்டார்கள். வல்லி தலையைத் திருப்பினாள். உதடு வெடித்திருந்தது.

“செருப்பு கட்டிலுக்கு அடியில கெடக்குது. எடுத்து வெச்சிக்கோ... எவளாவது மாட்டிக்கினு போயிடப் போறா.”