மாடியில் இருந்த திருகு

என் அத்தை சலவை ஆலையில் ஹோட்டல் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கிறாள். யார் யாரோ புரண்டு எழுந்த விரிப்புகள். அவற்றில் ஒன்றில்கூட இவள் படுத்ததில்லை. ஆலையில் சூடான பெரிய உருளை ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். இந்தப் பக்கம் இரண்டு பெண்கள் ஈர விரிப்பின் முனைகளைப் பிடித்து உள்ளே விடுவார்கள். அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் வாங்கி மடிப்பார்கள். உருளையின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு மட்டும் அங்கே கிடையாது. அது மாடியில், முதலாளியின் கண்ணாடி அறையில், ஏசிக்குக் கீழே குளுகுளுவென்று இருந்தது.

முதலாளி நல்ல மனிதர். அவரே அடிக்கடி அப்படிச் சொல்லிக்கொள்வார். "நாம எல்லாம் ஒரே குடும்பம்" என்பார். அந்தக் குடும்பத்தில் அவருக்கு மட்டும்தான் நாற்காலி. கண்ணாடிக்குப் பின்னால் வாயைத் திறந்து திறந்து மூடுவதால் ஆலையில் அவருக்குத் 'தொட்டி மீன்' என்று பெயர். இதில் மீனுக்குத்தான் அவமானம்.

புதிதாக ஒரு பெரிய ஹோட்டலின் துணி வர ஆரம்பித்தது. முதலாளி டீ குடித்துவிட்டு ஒரு திருகு, போன் பேசிவிட்டு ஒரு திருகு என்று வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார். அத்தையோடு சேர்ந்து துணி விடுகிறவளைக் கொக்கு என்பார்கள். அவ்வளவு நீளக் கழுத்து. ஒரு மத்தியானம் விரிப்போடு கொக்கின் கையும் உருளைக்குள் போய்விட்டது. கீழே ஒரு சிவப்புப் பட்டன் உண்டு. அதைத் தொட்டவளை மறுநாள் வேலைக்குச் சேர்க்க மாட்டார்கள். அத்தை அதை ஓங்கி அடித்தாள். உருளை நின்றது. கொக்கின் விரல்கள் வெந்திருந்தன.

முதலாளி இறங்கி வந்து கேட்ட முதல் கேள்வி, "விரிப்பு கருகிடுச்சா?"

பிறகு கொக்கைப் பார்த்தார். "கவனம் பத்தலம்மா. வீட்ல சமைக்கறப்போ கையைச் சுட்டுக்கறதில்லையா?"

"வீட்டு அடுப்பு எங்க பேச்சைக் கேக்கும் சார்" என்றாள் அத்தை.

இவள் வாயை அடைக்க வேண்டும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் மாடிக்குக் கூப்பிட்டார்.

"நீயே சூப்பர்வைசரா இரு. இங்க வந்து உக்காரு. திருகும் உன் கையிலயே இருக்கட்டும்."

"நான் மேல வரல சார். திருகு கீழ வரட்டும்."

"அப்போ வாசல் அந்தப் பக்கம்."

அத்தை செருப்பை மாட்டினாள். மடிக்கிற இரண்டு பேரும் தங்கள் செருப்பைத் தேடினார்கள். முதலாளி வேறு யார் யாரையோ பிடித்து உருளை முன் நிறுத்தினார். விரிப்புகள் மாடு மென்று துப்பியதுபோல் வெளியே வந்தன. ஹோட்டல்காரர்கள் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினார்கள்.

ஆகவே எங்கள் சந்துக்குள் ஒரு கார் நுழையப் பார்த்து, முடியாமல் நின்றது. முதலாளி பேண்டைத் தூக்கிப் பிடித்துச் சாக்கடையைத் தாண்டி வந்தார். கட்டுப்போட்ட கையோடு தலைவார முடியாததால் கொக்கு எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். அத்தை அவளுக்குப் பின்னிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"என்னம்மா, குடும்பத்துக்குள்ள இப்படிப் பண்ணலாமா?"

"குடும்பம்தானே சார்? இவ கை ஆறுற வரைக்கும் உங்க பொண்ணை அனுப்புங்க, துணி விடட்டும்."

"அவ படிக்கிற பொண்ணும்மா."

"அப்போ அது வேற குடும்பம்."

"சரி, வேகத்தைக் குறைச்சுடறேன்."

"இன்னிக்குக் குறைப்பீங்க, நாளைக்குக் கூட்டுவீங்க. திருகைக் கீழ வைங்க."

"அங்க முதலாளி யாரு, நீயா நானா?"

"அதைத்தான் நாங்களும் பேசிட்டு இருக்கோம்" என்று அத்தை ரிப்பனை முடிந்தாள்.

அவர் போன பிறகு கொக்கு சொன்னாள்: "வைக்க மாட்டான்க்கா."

"வைப்பான். அவனுக்கு மடிக்கத் தெரியாது."

"வச்சுட்டா?"

"அடுத்தது அந்தக் கண்ணாடி ரூம். ரெண்டு கட்டில் போட்டா கால் வீங்கினவ படுக்கலாம். அப்புறம் மொத்த ஆலையும். யாரு எவ்வளவு செய்யணும்னு செய்யறவங்களே பேசிக்கலாம்."

"அவன்?"

"மடிக்கக் கத்துக்கட்டும். ஒழுங்கா மடிச்சா சேத்துக்கலாம். பட்டினி போடற புத்தி நமக்கெதுக்கு?"

பொதுவுடைமையைப் பற்றித் தலையணை கனத்துக்குப் புத்தகங்கள் இருக்கின்றனவாம். படித்தவர்கள் சொல்கிறார்கள். அத்தை தலைக்கு வைத்துப் படுக்கக்கூட ஒன்றையும் தொட்டதில்லை.

முதலாளியே எலக்ட்ரீஷியனை வரவழைத்தார். திருகு சுவர் வழியாகக் கீழே இறங்கியது. அத்தையும் மற்றவர்களும் வேலைக்குத் திரும்பிய முதல் நாளே சண்டை. சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று ஒருத்தி கூட்டினாள். தோள் வலிக்கிறது என்று இன்னொருத்தி குறைத்தாள். கீழே ஆளுக்கு ஆள் முதலாளி. கண்ணாடிக்குப் பின்னால் மீன் சிரித்தது.

கட்டுப் பிரித்துக் கொக்கு வேலைக்குத் திரும்பிய அன்றுதான் சண்டை ஓய்ந்தது. இளஞ்சிவப்புத் தோலோடு அவள் விரிப்பின் முனையைப் பிடித்தாள். தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. அத்தை திருகைக் குறைத்தாள். தோள் இறங்கவில்லை. இன்னும் குறைத்தாள்.

"போதும்க்கா" என்றாள் கொக்கு.

சீக்கிரம் வீட்டுக்குப் போக நினைத்தவள் எட்டிப் பார்த்தாள். "நிஜமா போதுமா? எங்களுக்காகச் சொல்லாதடி" என்று சொல்லி, தானே திருகை இன்னும் கொஞ்சம் குறைத்தாள்.