ரம்பை மணக்காத குசினி

நாயாற்றுக் கடற்கரையில் புனிதத்தின் குசினியை மூக்கை வைத்தே கண்டுபிடிக்கலாம். மீன் மணக்கும், பழப்புளி மணக்கும், மீன் வாடையை அடக்கப் போடும் ரம்பை இலை மட்டும் மணக்காது. பருப்புக்கு ஒரு நெட்டுக் கறிவேப்பிலை போனால் போகட்டும், மீன் சட்டிக்குள் அதற்கும் இடமில்லை. கலியாணம் முடித்து வந்த புதிதில் ரம்பை போட்ட சொதியைக் குடித்து ஓங்காளித்தவள் அவள். பிடிக்காததை வெட்கப்பட்டு மறைக்கிற ஆளா புனிதம்? அதையே கொள்கையாக்கி விட்டாள்.

"விடியப் பிடிச்ச மீனுக்கு என்னத்துக்கு இலையும் குழையும்? பழுதாப்போன மீனுக்கெல்லோ அது வேணும்!"

புருஷன் பஸ்தியாம்பிள்ளை கொண்டுவரும் மீனில் அவளுக்கு அவ்வளவு பெருமை.

மகள் டிலுசாவைப் பெண் பார்க்கக் கிளிநொச்சியிலிருந்து வருகிறோம், மத்தியானம் உங்கள் வீட்டில்தான் மீன்சோறு என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பினார்கள். வந்தது சோதனை. அந்தக் கிழமை முழுக்கக் கடல் கொந்தளிப்பு. ஒரு வள்ளமும் இறங்கவில்லை. வீட்டில் இருந்தது ஐஸ் பெட்டிக்குள் கிடந்த பழைய பாரை மீன் மட்டும்தான்.

பக்கத்து வீட்டு மீனம்மா ரம்பையும் கையுமாக வந்தாள். "எடி, நல்லாப் போட்டுக் காய்ச்சு. டவுன் சனத்துக்கு என்ன தெரியப்போகுது?"

டிலுசாவுக்கு அந்தப் பெடியனைப் பிடித்திருந்தது. கண் கலங்க நின்றாள். "அம்மா, இண்டைக்கு மட்டும் போடுங்கோவன்."

பிள்ளையின் வாழ்வல்லவா? புனிதம் ரம்பையைக் கையில் வாங்கினாள். மணம் மூக்கில் ஏறியது. அப்படியே அம்மியடியில் வைத்துவிட்டு, தன் கையால் உப்பிட்டுக் காயவைத்த கருவாட்டை எடுத்துக் கழுவத் தொடங்கினாள்.

சாப்பாட்டு மேசையில் மாப்பிள்ளையின் தாய் கறியைப் பார்த்தா, பிறகு புனிதத்தைப் பார்த்தா. "கடற்கரைக்கு வந்தும் கருவாடோ?"

"குறை நினைக்காதேங்கோ. கடல் விடேல்ல. ஐஸ் மீன் கிடக்கு. ரம்பையைப் போட்டு மறைச்சுத் தந்திருக்கலாம். முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ள மறைக்கிற பழக்கம் எனக்கில்லை."

டிலுசா தலையைக் குனிந்துகொண்டாள். பஸ்தியாம்பிள்ளை இருமினார். மாப்பிள்ளையின் தாய் ஒரு கவளம் பிசைந்து வாயில் வைத்து, ஆறுதலாக மென்றா. பிறகு சோற்றுக் கோப்பையை நீட்டினா.

"இன்னும் கொஞ்சம் விடுங்கோ சம்பந்தி. மீனிலையே ஒளிக்காத வீடு, பிள்ளையைப் பற்றி எங்களுக்கு எதை ஒளிக்கப்போகுது?"

புனிதம் அள்ளிக் கறி விட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நிமிர்ந்த தலையோடு குசினிக்குப் போனாள். அம்மியடியில் கிடந்த ரம்பையை வேலியடி ஆட்டுக்கு எறிந்தாள். ஆடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பியது.

"மீனம்மாக்கா!" என்று வேலிக்கு மேலால் கூப்பிட்டாள் புனிதம். "இஞ்ச வந்து பாருங்கோ, என்ர வீட்டு ஆட்டை!"