நாற்பது கிலோ என்று போட்டிருந்தது

என் மனைவி ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தாள். பிள்ளைகளுக்கு அவள் விசில் மிஸ். அச்சடித்திருக்கும் எண் எதையும் அவள் அப்படியே நம்ப மாட்டாள். பால் பாக்கெட்டில் அரை லிட்டர் என்று இருந்தால் அளந்து பார்ப்பாள். சரியாக இருந்துவிட்டால் முகத்தில் லேசான ஏமாற்றம் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய கயிறு இழுக்கும் அணி முதல் சுற்றிலேயே தோற்றது. எட்டுப் பேரும் பதின்மூன்று, பதினான்கு வயதுக்காரிகள். கால் வழுக்கவில்லை, மூச்சும் வாங்கவில்லை. கயிறு கையிலிருந்து உருவிக்கொண்டு போய்விட்டது.

"அடுத்த வருஷமும் இதே கதின்னா, அந்த ஒரு மணி நேரத்தைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துடலாம்" என்றார் தலைமை ஆசிரியை.

வாரத்தில் அந்தப் பிள்ளைகள் வாய்விட்டுச் சத்தம் போடக்கூடிய நேரம் அது ஒன்றுதான். அதை விட என் மனைவிக்கு மனமில்லை. பிடி இறுகப் பயிற்சி கொடுக்க, உள்ளங்கையில் வைத்து அழுத்தும் கிரிப்பர் வாங்கப் போகிறேன் என்றாள். நானும் கூடப் போனேன்.

கடைக்காரருக்கு நெஞ்சுவரை தாடி. மூன்று வகையை எடுத்து மேசைமேல் பரப்பினார். ஒன்று, இரண்டு கைப்பிடிக்கு நடுவே சுருள் கம்பி வைத்த மலிவான சாமான். நாற்பது கிலோ என்று போட்டிருந்தது. இரண்டாவது பிளாஸ்டிக், திருகைத் திருகினால் பத்திலிருந்து நாற்பதுவரை இறுக்கம் கூடும். விலை கொஞ்சம் அதிகம். மூன்றாவது பளபளக்கும் இரும்பு. அதை நான் இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்துவிட்டு மரியாதையாக வைத்துவிட்டேன்.

"இது நாப்பதுன்னு யாரு பார்த்தா?" என்று அவள் கேட்டாள்.

"மேடம், கிரிப்பரை எடை போட்டா வாங்குவாங்க?"

"நான் வாங்குவேன். முதல் ரெண்டுலயும் ரெண்டு ரெண்டு கொடுங்க. சரியா இல்லைன்னா நாளைக்கே திரும்பி வரும்."

தாடிக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

வீட்டில் சமையலறைக் கதவின் கொக்கியில் கிரிப்பரின் ஒரு கைப்பிடியைக் கட்டினாள். மற்றதன் நுனியில் வாளியைத் தொங்கவிட்டாள். ஒரு லிட்டர் குவளையால் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. ஒரு லிட்டர், ஒரு கிலோ. எண்ணுவது அவள். நாற்பது கிலோ கிரிப்பர் பதினேழாவது லிட்டரில் வாயை மூடிக்கொண்டது.

"பாதிகூட இல்லை" என்றாள். குரலில் அப்படியொரு சந்தோஷம்.

கல்லூரியில் நான் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளன். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "நுனியில கட்டியிருக்கோமே. நுனியில தள்ளினா கதவு லேசாத் திறக்கும், கீல்கிட்ட தள்ளினா அசையாது. விரல் நுனியிலயா பிடிக்குது?"

அவள் கிரிப்பரைக் கையில் பிடித்து, நடுவிரல் வந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டாள். அங்கே கட்டி மறுபடி ஊற்றினோம். இருபத்தாறு. அதே வகையின் இன்னொன்று இருபதிலேயே மூடியது. தரையெல்லாம் தண்ணீர்.

பிளாஸ்டிக் இரண்டும் நாற்பதில் வைத்தால் முப்பதுதான் காட்டின. பத்தில் வைத்தால் ஏழு. ஆனால் இரண்டுமே அப்படித்தான்.

"இதுவே போதும்" என்றாள். "பொய்தான் சொல்லுது. ஆனா எல்லாம் ஒரே பொய்யைச் சொல்லுது. அதை வெச்சுப் பிழைச்சுக்கலாம்."

எட்டு வாங்கினாள். பள்ளியில் அவளுடைய விதி ஒன்றே ஒன்று: கை நடுங்கினால் பரவாயில்லை, வலித்தால் நிறுத்து. ஒருநாள் விட்டு ஒருநாள். மூன்று வாரத்தில் ஏழு பேருக்கும் திருகு இரண்டு சுற்று ஏறியது. எட்டாவது பெண் சிட்டு மட்டும் பத்திலேயே நின்றாள். எட்டுப் பேரில் குள்ளமானவள், வாய் நீளமானவள்.

"பிடிச்சிருக்கா?" என்று என் மனைவி கேட்டிருக்கிறாள்.

"எனக்குப் பிடிச்சிருக்கு மிஸ். அதுக்குத்தான் என்னைப் பிடிக்கலை."

அன்று சாயங்காலம் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தாள். "ஏழு கிலோ தண்ணியை அவ ஒரு கையால தூக்குறா. இது ஏன் முடியலை?"

மறுநாள் சிட்டுவின் கையைத் தாளில் வைத்து வரைந்து எடுத்து வந்தாள். திறந்த கிரிப்பரை அதன்மேல் வைத்தபோது எனக்கே தெரிந்தது. விரல் நுனிகள் மறுபக்கக் கைப்பிடியை எட்டவே இல்லை. இத்தனை நாளும் நாங்கள் கனத்தைத்தான் அளந்தோம். அகலத்தை அளக்கத் தோன்றவில்லை.

"மக்கு" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

வேறு கிரிப்பர் வாங்க வழியில்லை. இதைச் சிட்டுவிடமே சொன்னபோது அவள் சடையிலிருந்து ரிப்பனை உருவினாளாம். "யாராவது அழுத்திப் பிடிங்கடி." இன்னொருத்தி இரண்டு கையாலும் கிரிப்பரைப் பாதி மூட, சிட்டு ரிப்பனை இரண்டு கைப்பிடியையும் சுற்றிக் கட்டினாள். அதற்கு மேல் அது திறக்காது. பாதியிலிருந்து அவள் விரல் எட்டியது.

அடுத்த போட்டியில் மூன்றாம் இடம். அரையிறுதியில் தோற்றபோதும் கயிறு கையை விட்டு உருவவில்லை; எட்டுப் பேரும் கயிற்றோடு சேர்ந்தே கோட்டைத் தாண்டி விழுந்தார்கள். அந்த ஒரு மணி நேரம் தப்பியது.

இந்த வருடம் பள்ளி திறந்து ஒரு மாதத்தில் என் மனைவி போய்விட்டாள். பதினோரு நாள் காய்ச்சல். வாளி சமையலறைக் கதவுக்குப் பின்னாலேயே இருக்கிறது. நான் அதை வேறு எதற்கும் எடுக்கவில்லை.

போன சனிக்கிழமை சிட்டு இன்னொரு பெண்ணோடு வந்தாள். கொஞ்சம் வளர்ந்திருந்தாள். உட்காரச் சொன்னேன். இருவரும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள்.

"அந்த ஒரு மணி நேரம் இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு சார். ஆனா புது மிஸ் கயித்தையே தொட்டதில்லை. இந்த வருஷம் தோத்தா போயிடும். நாங்கதான் அவங்களுக்குச் சொல்லிக் கொடுக்குறோம்." பையைத் திறந்தாள். உள்ளே கிரிப்பர்கள், வேறு நிறம். "பழசுல நாலு உடைஞ்சு போச்சு. புதுசு நாலு வாங்கியிருக்காங்க. எல்லாத்துலயும் நாப்பதுன்னு போட்டிருக்கு."

கூட வந்தவள் அவளை முழங்கையால் இடித்தாள். "கேளுடி."

"உங்க வாளி வேணும், வாளி சார்" என்ற சிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

என் பட்டப்பெயர் எனக்கு அன்றுதான் தெரிந்தது. கதவுக்குப் பின்னால் போய் வாளியை எடுத்துத் தூசியைத் துடைத்தேன். குவளையையும் அதற்குள் போட்டேன்.

"எங்க கட்டணும்னு தெரியுமா?"

"நடுவிரல் வர்ற இடத்துல."

"யாரோட நடுவிரல்?"

சிட்டு தன் கையை விரித்துப் பார்த்தாள். பிறகு கூட வந்தவளின் கையை இழுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"நீங்களும் வாங்க சார்" என்றாள். "தண்ணி ஊத்த ஆள் வேணும்."