பொம்பே அழகர்

வயரின் தோலை முன்பல்லால் உரித்துத் துப்பிவிட்டு, உள்ளே இருக்கும் செம்புக் கம்பியை நாக்கு நுனியால் ஒருமுறை தொட்டுப் பார்ப்பார் அழகர். புளித்தால் அந்தக் கம்பி குப்பைக்கு. புளிக்காவிட்டால் வேலைக்கு. கண்டிப் பக்கம் திகன சந்தியிலிருந்து சற்று உள்ளே இருக்கும் பஹ்மியின் கராஜில் காலை எட்டு மணிக்கு இதுதான் அவருடைய முதல் காரியம். "மத்தவங்க தேத்தண்ணி குடிப்பாங்க, நம்மட பாஸ் கம்பி நக்குவார்" என்று பஹ்மி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். மெக்கானிக்கை அங்கே பாஸ் என்பார்கள்.

மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். வயது நாற்பது இருக்கும். மெலிந்த தேகம், நீண்ட விரல்கள். எந்த லொறி வந்தாலும் பொனட்டைத் திறக்குமுன் அதன் மூக்கில் உள்ளங்கையை வைத்து, "என்ன தாயி, எங்க நோவுது?" என்று கேட்பார். கேலிக்காக அல்ல. பதில் வரும் என்று நம்புகிறவரைப் போலச் சற்றுத் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பார்.

கராஜில் ஒரு பெட்டி உண்டு. பஹ்மியின் மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்தது. பஹ்மி அதை ஸ்கேனர் என்பார். அழகருக்கு அது பெட்டிதான். உள்ளங்கை அகலத்தில் ஒரு திரை, கீழே ஒரு நீண்ட வால். வண்டியின் ஸ்டியரிங்குக்கு அடியில் பதினாறு ஓட்டைகளோடு ஒரு சொக்கட் இருக்கும். வாலை அதில் செருகினால் எஞ்சினுக்கு என்ன கோளாறு என்று ஓர் இலக்கம் திரையில் விழும். அதுதான் கோட். பெட்டி வந்த நாளில் பஹ்மி, இனி நோய் தேடும் வேலை இல்லை என்று பூரித்துப்போனார். அழகர் பூரிக்கவில்லை.

"கோட் தோட்டத்துப் பேரத்தாங்க சொல்லும், மொதலாளி. எந்த லயம், எந்தக் காம்பரான்னு நாமதான் கதவத் தட்டிப் பாக்கணும்."

பெட்டி கார்களுக்கென்று செய்யப்பட்டது. பன்னிரண்டு வோல்ட்டுக்கு மேல் தாங்காது. பழைய டீசல் லொறிகளில் இரண்டு பெட்டரி, இருபத்துநாலு வோல்ட். முதல் நாளே பஹ்மி அதை லொறியில் செருகப் போக, அழகர் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். பிறகு வாலுக்குள் கரண்ட் வரும் கம்பியை அறுத்து, சிவப்பும் கறுப்புமாக இரண்டு நீண்ட வயர்களைச் சேர்த்து, நுனியில் கவ்விகளைப் பொருத்தினார். இரண்டு பெட்டரியில் ஒன்றை மட்டும் கவ்விப் பிடித்தால் பெட்டிக்குப் பன்னிரண்டு போய்ச் சேரும். கச்சிதமான வேலை. ஆனால் பிஸ்கட் தகரத்திலிருந்து பெட்டியை எடுத்து, சிவப்பு வயரும் கறுப்பு வயரும் லொறியின் வயிற்றிலிருந்து தொங்க அவர் நிற்கும்போது, யுத்தம் நடக்கிற நாட்டில் அது வேறு எதைப்போல இருக்கும் என்று கராஜில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்றைக்கு நினைத்தால் அதுவே அதிசயமாக இருக்கிறது.

போன பெரஹரா ஊர்வலத்துக்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு வியாழக்கிழமை காலை, கராஜின் பழைய வாடிக்கைக்காரர் முஹைதீன் ஓட்டிய லொறி கண்டிக்குக் கத்தரிக்காய் ஏற்றிப் போகும் வழியில் பாலத்தடிச் சோதனைச்சாவடியின் வாயிலிலேயே நின்றுவிட்டது. பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம். சாவடியை மறித்துக்கொண்டு நிற்கும் லொறியை ஒரு சிப்பாயும் விரும்பமாட்டான். முஹைதீன் போன் பண்ண, பஹ்மி ஒரு த்ரீவீலில் அழகரைப் பெட்டியோடு அனுப்பிவைத்தார்.

அடையாள அட்டையை இருவர் மாறி மாறிப் பார்த்தார்கள். மடுல்கெல்ல என்ற விலாசத்தை ஒருவன் உரக்க வாசித்தான். பிஸ்கட் தகரத்தைத் திறந்து பெட்டியை முகர்ந்துகூடப் பார்த்தார்கள். லொறிக்கு வருத்தம் பார்க்கும் கொம்பியூட்டர் என்று முஹைதீன் நல்ல சிங்களத்தில் விளக்கினார். சரி என்று விட்டார்கள். அரை மணித்தியாலத்தில் அந்த இருவரும் காவல் மாறிப் போனார்கள். வந்தவர்களுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

பெட்டி வெளிச்சம் போட்டது. இலக்கம் மட்டும் விழவில்லை. திரையில் ஓர் ஆங்கில வரி வந்து நின்றது. அழகருக்கு அதை வாசிக்கத் தெரியாது, ஆனால் உருவம் தெரியும்: "லொறி பேசமாட்டேங்குது." வாலைக் கழற்றிச் சொக்கட்டை ஊதினார். திரும்பச் செருகினார். கவ்வியை மற்றப் பெட்டரிக்கு மாற்றலாமா என்று முஹைதீன் கேட்டார்.

"வேணாம் முஹைதீன் நானா. பெட்டி உசுரோடதான் இருக்கு. அவதான் வாயத் தொறக்க மாட்டேங்குறா."

பிறகு பழைய வழிக்குப் போனார். சொக்கட்டின் இரண்டு ஓட்டைகளைத் துண்டு வயரால் இணைத்தால், முன்பலகையில் இருக்கும் மஞ்சள் விளக்கு கண் சிமிட்டும். நீளமாகச் சிமிட்டினால் பத்து, குட்டையாகச் சிமிட்டினால் ஒன்று. முஹைதீன் விரல் மடக்கி எண்ணினார். நீளம் இரண்டு, குட்டை மூன்று.

"இருவத்திமூணு" என்றார் அழகர். "பம்பு பக்கம்."

லொறியின் தலையான கெபினைச் சாய்த்துத் தூக்கினார்கள். எஞ்சின் வெளியே தெரிந்தது. பெட்டியை வைக்க இடமில்லாமல் அழகர் கையிலேயே வைத்திருந்தார். அப்போது புதிதாக வந்த சிப்பாய்களில் ஒருவன், மீசை அரும்பாத பையன், எட்டிப் பார்த்து, "மொக்கத லெடே?" என்றான். என்ன வருத்தம், என்ன நோய் என்று கேட்கிறான். கேட்டபடியே இன்னும் சூடு ஆறாத பம்பை நோக்கிக் கையை நீட்டினான். கை சுட்டுவிடும். அழகர் பதறி, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கத்தினார்:

"அல்லன்ன எபா சேர்! பொம்பே!"

தொடாதீங்க சேர், பம்பு. அவர் சொன்னது அவ்வளவுதான்.

சிங்களத்தில் பம்புக்கு ஒரு சொல், குண்டுக்கு ஒரு சொல். தமிழில் எழுதினால் இரண்டையும் பொம்பே என்றுதான் எழுத வரும். சிங்களக் காதுக்கு இரண்டும் மலையும் மடுவும். ஒன்றில் உதடு காற்றோடு பிரியும். மற்றதில் தொண்டையும் சேர்ந்து அதிரும். தமிழ் வாய்க்குள் போனால் இரண்டும் ஒன்றாகவே வெளியே வரும்.

பையனின் முகத்தில் இரத்தம் இல்லாமல் போனது. அவன் பின்னால் பாய்ந்து அந்தச் சொல்லையே கத்தினான். விசில் ஊதினார்கள். வரிசையில் நின்ற பஸ்ஸிலிருந்து சனம் சாக்கு மூட்டை சரிவதுபோலத் தெருவில் விழுந்தது. ஒரு பெண்ணின் குடை கையை விட்டுக் கழன்று பாலத்துப் பக்கம் உருண்டு போனது. அழகரும் திடுக்கிட்டு, குண்டு எங்கே என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.

பின்னால் ஒன்றும் இல்லை. முன்னால் திரும்பினால் அவரைக் குறிவைத்து மூன்று துவக்குகள்.

"அத் உஸ்ஸபாங்!"

கையைத் தூக்கு என்றார்கள், தூக்கினார். கையோடு பெட்டியும் தூக்கப்பட்டது. சிவப்பு வயரும் கறுப்பு வயரும் முழங்கையில் சுற்றித் தொங்கின. அதைக் கீழே போடு என்று இன்னொரு கூச்சல். வேறு எந்த மனிதனும் விட்டெறிந்திருப்பான். அழகர் முழங்காலில் இறங்கி, தொட்டிலில் பிள்ளையைக் கிடத்துவதுபோல, பெட்டியை மெல்ல மெல்லத் தார் ரோட்டில் வைத்தார். பெட்டி உடைந்தால் வேறு பெட்டி இல்லை என்ற எண்ணம் ஒன்றுதான் அவருக்கு. குண்டு வைக்கிறவன்தான் அப்படிப் பதமாக வைப்பான் என்று எதிரில் நிற்பவர்களுக்குத் தோன்றும் என்பது தோன்றவில்லை. ஒருவன் துவக்கின் ஏதோ ஒரு பாகத்தை இழுத்த சத்தம் கேட்டது. இரும்பு இரும்பில் உரசும் சத்தங்கள் எல்லாம் அவருக்குப் பழக்கம். இது பழக்கமில்லை.

எண்பத்துமூன்று கலவரத்தில் ஒரு வாளியைத் தூக்கிக் காட்டி, இதற்குச் சிங்களத்தில் பெயர் சொல்லு என்று நாவலப்பிட்டிப் பக்கம் தெருவில் ஆட்களை மறித்துக் கேட்டார்கள் என்று அவருடைய சித்தப்பா சொல்லக் கேட்டிருக்கிறார். ஓர் எழுத்து வாயில் புரண்டால் ஆள் தமிழன். ஒரு வார்த்தைக்கா சித்தப்பா என்று அப்போது அழகர் நம்பாமல் கேட்டிருந்தார்.

வடிகானுக்குள் குப்புறக் கிடந்த முஹைதீன் தலையைத் தூக்கி, தொண்டை கிழியக் கத்தினார்:

"பொம்பே நெமெய் சேர், பொம்பே! பொம்பே!"

பொம்பே இல்லை, பொம்பே. தமிழில் எழுதினால் பைத்தியக்காரன் பேச்சு. சிங்களத்தில் அது தெளிவான வாக்கியம். அதுதான் அழகரின் உயிர்.

நரைத்த தலையுடைய சார்ஜன்ட் ஒருவர் கையை உயர்த்தி மற்றவர்களை நிறுத்தினார். "டீசல் பொம்பேத?" என்றார். டீசல் பம்பா என்கிறார். முஹைதீன் ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். சார்ஜன்ட் வந்து எஞ்சினைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், முழங்காலில் நின்ற மனிதரைப் பார்த்தார். அந்த வருஷம் விசாரிக்கக் கொண்டுபோன ஆட்கள் திரும்பிவர மாதங்கள் ஆகின. சிலர் வரவே இல்லை. சார்ஜன்ட் யோசித்தது ஒரு நிமிஷம் இருக்காது. பிறகு அவருடைய வாய் ஒரு பக்கமாகக் கோணியது. திருப்பிச் சொல்லு என்றார்.

அழகர் சொன்னார். தவறு. இன்னொரு முறை. தவறு. சார்ஜன்ட் உதட்டைக் குவித்துக் காட்டினார். அழகரும் குவித்தார். மறுபடியும் குண்டுதான் வந்தது. முதலில் ஒரு சிப்பாய் சிரித்தான், பிறகு எல்லோரும், பிறகு தெருவிலிருந்து எழுந்து புழுதி தட்டிய பஸ் சனமும். ஏழாவது தடவை அழகரும் சிரித்தார். சிரிக்காதவன் அந்தப் பையன் ஒருவன்தான். மணல் மூட்டைமேல் உட்கார்ந்து, துவக்கை மடியில் கிடத்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அழகரின் காற்சட்டை நனைந்திருந்தது. அதை முஹைதீன் மட்டுமே கண்டார். தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, ரேடியேட்டருக்கு ஊற்றப் போகிறவரைப் போல வந்து, தடுமாறுவதுபோல அழகரின் மடியில் கொட்டினார். "சொறி பாஸ், கை வழுக்கிட்டு."

பத்து நிமிஷத்துக்குள் லொறியை எடு என்றார் சார்ஜன்ட். அழகர் வயர்களைத் தடவிக்கொண்டு போனார். கெபினுக்கு அடியில், இரும்புச் சட்டத்தில் முறுக்கியிருந்த, கரண்ட் திரும்பிப் போகும் எர்த் ஆணி பச்சைக் களிம்பு பூத்திருந்தது. பம்பின் கம்பியும் சொக்கட்டின் கம்பியும் அந்த ஓர் ஆணிக்குத்தான் வந்தன. பெட்டி பேசாததும் அதனால், எஞ்சின் நின்றதும் அதனால். சாவி நுனியால் சுரண்டி இறுக்கினார். பெட்டியில் இலக்கம் விழுந்தது, அதை அழித்தார், லொறி சாவியின் ஒரே திருகில் உயிர் பெற்றது. பம்பில் ஒரு குறையும் இருக்கவில்லை. அந்தச் சொல்லைச் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

கதை அவருக்கு முன்பே கராஜுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாளிலிருந்து அவர் பொம்பே அழகர். "பாஸ், ஒங்கட சாமான் ஒண்டு வந்தீக்கி. பேரச் செல்லிட்டு எறக்குங்க பாப்பம்!" என்று பழுதான பம்பு வரும்போதெல்லாம் பஹ்மி வாசலில் நின்று கூப்பிடுவார். "இனி ஒங்க பம்பு பேர நீங்களே சொல்லுங்க மொதலாளி, எனக்கு புள்ளகுட்டி இருக்கு" என்பார் அழகர். எல்லோரும் சிரிப்பார்கள்.

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. வாய்க்கு முன்னால் தாள் பிடித்துச் சொல்லிப் பழகு, தாள் ஆடினால் பம்பு, ஆடாவிட்டால் குண்டு என்று முஹைதீன் சொல்லிக்கொடுத்திருந்தார். மனைவி சந்திரிகா ஒருநாள் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தபோது, கலண்டர்த் தாள் ஒன்றை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு அவர் ஊதிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, தாள்கிட்ட சண்டையா?"

"இல்ல புள்ள. சும்மா." அவர் சொன்னபோது தாள் ஆடியது. கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு இன்னும் ஐம்பது தடவை சொன்னார்.

போன வாரம் தெல்தெனியவிலிருந்து ஒரு மணல் லொறி வந்தது. கறுப்புப் புகை, மேட்டில் இழுக்கவில்லை. சொந்தக்காரர் வயதான சிங்களவர், கூடவே வந்திருந்தார். பஹ்மி உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தார். பெட்டி உடனே இலக்கத்தைக் காட்டியது. அழகர் ஒவ்வொரு கதவாகத் தட்டியும் பார்த்துவிட்டார். இந்த முறை சந்தேகமே இல்லை. பம்புதான்.

"மொக்கத பாஸ் லெடே?" என்றார் கிழவர், அன்பாக.

அழகரின் உதடுகள் குவிந்தன. ஒட்டின. பிரியவில்லை. கிழவர் காத்துக்கொண்டு நின்றார். அழகர் கையை வேஸ்ட் துணியில் துடைத்து, கிழவரின் மணிக்கட்டைப் பிடித்து, குழாய்களுக்கும் வயர்களுக்கும் நடுவே மெல்ல வழிநடத்திக் கொண்டுபோய், அந்த உள்ளங்கையை ஆறிப்போயிருந்த பம்பின்மேல் வைத்து, தன் கையால் ஒருமுறை அழுத்தினார்.