ஒரு தேங்காய், ஒரு கவட்டைக் குச்சி, ஒரு மருமகள்

போன ஞாயிற்றுக்கிழமை என் அத்தை – கணவரின் அம்மா – என்னிடம் ஒன்று கேட்டார்.

"அம்மணி, உங்க காலேஜு மிஷின ஒருநாளைக்குக் கொண்டாந்து, நம்ம தோட்டத்துல தண்ணி எங்கிருக்குதுன்னு பாத்துச் சொல்லேன்?"

தப்பு என் மேல்தான். கல்யாணமான புதிதில், "என்ன ஆராய்ச்சி பண்றே?" என்று கேட்டவரிடம், "தண்ணீர் எங்கே இருக்குன்னு கண்டுபிடிக்கிறேன் அத்தை" என்று சுருக்கமாகச் சொல்லி வைத்தேன். புதுச்சத்திரம் பக்கத்தில், இரண்டு போர்க்கிணறு வறண்டுபோன வீட்டில், இப்படிச் சொல்லலாமா?

நான் தேடுவது புரதத்தைச் சுற்றி இருக்கும் தண்ணீரை. முட்டையின் வெள்ளைக்கருவில் இருக்கிறதே, அது மாதிரிப் புரதம். அதன் எந்த மடிப்பில் தண்ணீர் நுழைந்திருக்கிறது, எது காய்ந்து கிடக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. அதனால் அதில் ஓர் இடத்தில் சின்னதாக ஓர் ஒட்டுப் போடுவோம். ஒரு கார்பன், ஒரு நைட்ரஜன் – இரண்டே அணு. ப்ரோப் என்போம். அகச்சிவப்பு ஒளி பட்டால் அது அதிரும். மற்றவை அதிகம் சத்தம் போடாத இடத்தில் இதன் சுருதி மட்டும் தனியாகக் கேட்கும். பக்கத்தில் தண்ணீர் வந்து கைகோத்தால், சுருதி ஒரு துளி நகரும்.

அவ்வளவுதான். ஐந்து வருடமாக அந்தத் துளி நகர்வதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதையெல்லாம் அத்தையிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"செரி, அது எத்தன அடில இருக்குது?"

"அடி இல்லீங்க அத்தை. ஒரு தலமுடிய லட்சமாக் கீறுனா, அதுல ஒண்ணு அளவு தூரம்."

"அட போ! அந்தத் தண்ணி ஒரு கோழிக்குஞ்சுக்குக்கூடப் பத்தாதே!"

இருந்தாலும் அவர் விடுவதாக இல்லை. காரணம் இருந்தது. அதற்கு முதல் நாள்தான் நிலத்தடி நீரோட்டம் பார்க்கிறவர்கள் இரண்டு பேர் வந்து போயிருந்தார்கள். முதலாமவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நடந்தார். தெற்கு மூலையில் தேங்காய் எழுந்து நின்றது. அடுத்தவர் வேப்பங் கவட்டைக் குச்சியைப் பிடித்து நடந்தார். குச்சி வளைந்தது எங்கே தெரியுமா? எங்கள் வீட்டு வாசலில். கதவிலிருந்து பத்தடி.

புதன்கிழமை போர் போடும் ரிக் வண்டி வருகிறது. தேங்காயா, குச்சியா? மூன்றாவது அம்பயர் நான்.

அந்த வாசலில்தான் என் மூன்று வயது மகள் விளையாடுவாள். போர்க்குழி என்ற சொல்லைச் செய்தியில் கேட்டாலே சோறு இறங்காத அம்மாக்களில் நானும் ஒருத்தி. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் பழைய போர் ஒன்று இருக்கிறது. இரும்பு மூடி போட்டு வெல்டிங் வைத்தது. தெரியும். இருந்தாலும் காலையும் மாலையும் போய் அதை ஒரு மிதி மிதித்துப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி.

இப்போது சொல்லுங்கள்... "மிஷின் தெற்கு மூலைங்குது அத்தை" என்று சொன்னால் முடிந்தது. யார் குறுக்கே பேசப் போகிறார்கள்? ஆனால் அங்கே தண்ணீர் இல்லாமல் போனால்? மாடுகள்? தென்னை? மூன்றாவது போரும் வறண்டது என் பொய்யால் என்று ஆகிவிடாதா?

இதே யோசனையோடு திங்கட்கிழமை லேபுக்குப் போனேன். கைடு மேடம் என் வரைபடத்தைப் பார்த்தார். பீக், அதாவது அந்தச் சுருதியின் முகடு, நகர்ந்திருந்தது. "தண்ணீர், மேடம்!" என்றேன் பெருமையாக.

"தண்ணீரால நகர்ந்துச்சா? பக்கத்துல இருக்கற மின்புலத்தால நகர்ந்துச்சா? இல்ல, நீ ஒட்டின ப்ரோப்பே அந்த இடத்தைக் கலைச்சிருச்சா?"

எனக்குச் சுருக்கென்றது. இதே கேள்வியை நான் தேங்காய்க்காரரிடம் கேட்டிருந்தேனே! "ஏனுங்ணா, தேங்கா தண்ணியால நிக்குதுங்களா, உங்க கையால நிக்குதுங்களா?" அவர் கோபப்படவே இல்லை. "அது எனக்கே தெரியாதுங் அம்மணி. நிக்குது, சொல்றேன்" என்று சிரித்தார்.

மேடம் முன்னால் அன்று நான் நின்றது, கையில் தேங்காயோடுதான்.

செவ்வாய் மாலை அத்தை பால் கறந்துகொண்டே கேட்டார். "என்ன சொல்லுது மிஷினு?"

தெற்கு மூலை என்று சொல்ல நாக்கு தயாராகத்தான் இருந்தது. வந்தது வேறு.

"தெரியலீங்க அத்தை."

"அஞ்சு வருசம் படிச்சுமா தெரியல?"

"படிச்சதாலதானுங்க தெரியலைங்கறேன்." பிறகு ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். "ஆனா வாசல்ல மட்டும் வேண்டாங்க அத்தை. பாப்பா வெளையாடற எடம். எனக்குப் பயமா இருக்குது."

கறப்பது நின்றது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"இதச் சொல்றதுக்கு மிஷின் எதுக்கு? வாய் இருக்குதல்ல?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ அந்த மூடிய மிதிச்சுட்டுப் போன பொறவு, நானும் ஒருக்கா மிதிச்சுப் பாத்துட்டுத்தான் ஊட்டுக்குள்ள வருவேன்."

இத்தனை நாளாக எனக்குத் தெரியாது பாருங்கள்! இரண்டு அணுவுக்கு நடுவே நடப்பதைத் தேடுகிறவளுக்கு, மாமியார் மிதிப்பது தெரியவில்லை.

புதன்கிழமை ரிக் வண்டி தெற்கு மூலைக்குப் போனது. தண்ணீர் வந்தது. பீறிட்டு அடித்தது என்று கதைவிட மாட்டேன். வந்தது. மாட்டுக்கும் தென்னைக்கும் போதும். விடை சரி, வந்த வழி தப்பு – மேடம் இதற்கு மார்க் போட மாட்டார். ஆனால் அத்தைக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. மோட்டார் மாட்டுவதற்குள் ஊருக்கே சொல்லி முடித்துவிட்டார். "எங்க மருமக பாத்த பாயிண்ட்டு!"

இன்று காலை கேட்டைத் தட்டும் சத்தம். போய்ப் பார்த்தால் தேங்காய்க்காரர். தன் பாயிண்ட்டை நான் தட்டிக்கொண்டு போனதற்குச் சண்டைக்கு வந்திருக்கிறார் என்று எனக்கு வேர்த்துவிட்டது.

"அம்மணி, எங்க தோட்டத்துலயும் ஒரு பாயிண்ட்டு பாத்துக் குடுக்கோணும்."

"ஏனுங்ணா, உங்களுக்கே பாக்கத் தெரியுமல்லங்க?"

"சொந்தத் தோட்டத்துல தேங்கா நிக்க மாட்டீங்குதுங்..."

எனக்குத் தெரியாது என்று இரண்டு முறை சொன்னேன். நகரவில்லை. வேறு வழியில்லாமல், எனக்குத் தெரிந்த ஒரே முறைப்படி ஒரு கேள்வி கேட்டேன்.

"உங்க ஊட்டுக் கொழந்தைங்க எங்கீங்க வெளையாடும்?"